முன்கை வரிசை

1

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவிகளைச் செய்கிறது. தோலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி இதயத் துடிப்பை அளப்பவை. அவற்றைச் சோதிப்பது என் வேலை. கருவி எந்தெந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று பட்டியல் போட்டுக் கொடுப்பேன். பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்கும். கோபம் வந்தாலும் பட்டியல்தான் போடுவேன்.

கறுத்த தோலில் இந்த வெளிச்சம் தடுமாறும். ஆகவே எல்லா நிறத்திலும் சோதிக்க வேண்டும் என்று சென்ற நவம்பரில் முடிவாகி, ஊழியர்களிடமே கை கேட்டார்கள். என் பக்கத்து மேசை மரீகெ ஒரு அட்டையோடு வந்தாள். அட்டையில் பத்துக் கட்டங்கள், பாலாடை நிறத்தில் தொடங்கி வறுத்த காப்பிக்கொட்டை நிறம் வரை. முன்கையை அதன் பக்கத்தில் வைத்து எந்தக் கட்டம் என்று குறிக்க வேண்டும். அதற்கு முன் நான்கு பக்கப் படிவம்: எதற்காகப் பார்க்கிறோம், எங்கே எழுதி வைப்போம், எப்போது அழிப்போம், வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை மரீகெ என் கையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு," என்றாள். உடனே மன்னிப்பும் கேட்டாள்.

பரவாயில்லை, இது எனக்குப் பழக்கம், பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு மூன்று முறை இப்படிக் கை நீட்டியிருக்கிறேன் என்று என் அரைகுறை டச்சில் சொன்னேன். ஏதோ வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து அவள் ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டாள். தப்பு ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்ததைத்தான் சொல்லியிருந்தேன்.

2

திருச்சியில் நான் படித்த பெண்கள் பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற பள்ளிகள் தப்பித்துக்கொள்ளும்.

ஆண்டு விழா, விளையாட்டு விழா, ஆசிரியர் தினம் என்று வருஷத்துக்கு மூன்று முறை சிறப்பு விருந்தினர் வருவார். கார் நிற்கும் இடத்திலிருந்து மேடைவரை வரவேற்புக் குழு நிற்கும், ஆறு பெண்கள். ஒருத்தி கையில் பன்னீர்ச் சொம்பு, ஒருத்தி கையில் சந்தனம், ஒருத்தி கையில் கல்கண்டு, மற்றவர்கள் கையில் பூத்தட்டு. அந்த ஆறு பேரை எடுக்கும் முறை இதுதான். வகுப்பு வராந்தாவில் எல்லோரும் வரிசையாக நின்று வலது முன்கையை நீட்ட வேண்டும். மிஸ் ஒரு கோடியிலிருந்து நடந்து வருவார். முகத்தைப் பார்க்க மாட்டார். முகத்தில் பவுடர் இருக்கும், ஏமாந்துவிடலாம்.

கையிலும் ஏமாற்றப் பார்த்தவர்கள் உண்டு. உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும் என்பதால் கையைத் திருப்பி நீட்டுவார்கள். ஸ்கேலால் தட்டித் திருப்பச் சொல்வார் மிஸ். பவுடர் பூசி வந்தால் ஈரக் கர்ச்சீப். துடைத்த கர்ச்சீப்பை எல்லோருக்கும் காட்டிவிட்டு, "சுண்ணாம்பு அடிச்சிட்டு வந்திருக்கா பாருங்க" என்பார். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு விழா விடாமல் சொம்பு என் கையில்தான் இருந்தது. அட்டையில் ஏழாம் கட்டத்துக்காரி அங்கே முதல் கட்டம்.

என் வீடு ஸ்ரீரங்கத்தில் எந்தத் தெரு என்பதையும் அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றையும் பார்த்துக்கொள்வதில் எங்கள் ஊருக்கு நல்ல தேர்ச்சி.

கலைச்செல்வி உறையூர்ப் பெண். என் பக்கத்தில் உட்கார்ந்தவள், கணக்கில் என்னைவிட எப்போதும் இரண்டு மதிப்பெண் கூட வாங்கியவள். அவள் கைக்கு முன்னால் மிஸ் நின்றதே இல்லை. நடையைக் கொஞ்சம் வேகமாக்கிக் கடந்துவிடுவார்.

3

கை அட்டை வந்த அதே வாரம் பள்ளியிலிருந்தும் செய்தி வந்தது. பவள விழா வருகிறது, வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவிகள் ஒரு நிமிடக் காணொளி அனுப்ப வேண்டும், பட்டுப்புடவை விரும்பத்தக்கது, பின்னணியில் வெளிநாடு தெரிய வேண்டும். கூடவே அழைப்பிதழின் மாதிரி. அதன் நடுவில் பதினாறு வயதில் நான், பாவாடை தாவணியில், சொம்போடு.

காணொளிக்குப் பதிலாக எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு பட்டியல் போட்டேன். என்ன நடந்தது, எந்த வகுப்பில், யார் பார்த்தது என்று மூன்று பத்தி. முன்கை வரிசை முதலில். மற்றவர்களையும் சேர்க்கச் சொன்னேன். இரண்டு நாளில் இவை வந்தன:

நாடகத்தில் அசுரன் வேஷம் ஐந்து வருஷமும் அதே மூன்று பேருக்கு. "மேக்கப் மிச்சம்" என்று மேடைக்குப் பின்னால் சொன்னது.

குரூப் போட்டோவில் "கறுப்புப் பசங்க பின்னால போங்க, வெளிச்சம் சரியா விழாது."

பி.டி. மிஸ் ஒருத்தியை மைதானத்தில் 'வெஸ்ட் இண்டீஸ்' என்றே கூப்பிட்டது. அவளுக்குப் பெயர் உண்டு, அகிலா.

மணிப்பூரிலிருந்து அப்பாவின் வேலை மாற்றலில் வந்து இரண்டு வருஷம் எங்களோடு படித்த தோய்பியை வகுப்பே 'சைனா' என்றது. வருகைப் பதிவு எடுக்கும்போது மிஸ்ஸும் அப்படியே கூப்பிட்டார். அவளும் 'உள்ளேன்' என்றாள். தோய்பி குழுவில் இல்லை. தேடிப் பிடித்து எழுதினேன். "என் பெயரைச் சரியாக எழுதினால் போதும்" என்று ஒரே வரி அனுப்பினாள்.

மறுபக்கம் நியூஜெர்சி சுதா. சுதாவின் பையனைப் பார்த்து அவன் வகுப்பில் யாரோ ஒருவன் சாப்பாட்டு டப்பா நாறுகிறது என்று சொல்லிவிட்டான். அவள் அந்தப் பள்ளிக்கு மூன்று பக்கம் மின்னஞ்சல் எழுதி, இரண்டு கூட்டம் நடத்த வைத்து, எழுத்தில் மன்னிப்பு வாங்கினாள். அதை எங்கள் குழுவில் போட்டபோது நாற்பது பேர் கைதட்டினோம். அதே சுதா என் பட்டியலுக்குக் கீழே எழுதியது: "அதெல்லாம் விளையாட்டா சொன்னதுப்பா. நம்ம மிஸ்ஸுங்க மனசு தங்கம். ரேசிசம்னா என்னன்னு இங்க வந்து பாத்தாத்தான் தெரியும்."

பார்த்தாயிற்று சுதா. எனக்கு நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள்.

இந்த வகை மனிதர்களை இங்கேயும் தினம் சந்திக்கிறேன். தமிழ்ச் சங்கப் பொங்கலில், டச்சுக்காரர் ஒருவர் தங்களை வரிசையில் முந்திவிட்டதை அரை மணி நேரம் சொல்வார்கள். மூச்சு வாங்கியதும், தம்பிக்குப் பெண் பார்க்கிறோம், நல்ல நிறமா இருந்தா சொல்லுங்க என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் இறங்கும். வேறு தடை எதுவும் இல்லை.

4

கலை குழுவில் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் மாலை போனில் கூப்பிட்டாள்.

"ரஞ்சி, பட்டியல் பாத்தேன்டி."

"நீ ஏன் ஒண்ணும் போடல? உனக்கு நடந்ததுதானே பாதி."

"என்னத்தப் போடுறது. இப்ப அந்தக் கையப் பாக்குறதே நான்தான்."

கலை அதே பள்ளியில் நான்கு வருஷமாக இயற்பியல் ஆசிரியை. அது எனக்குத் தெரியும். மற்றது தெரியாது.

"ரெண்டு வருஷமா வரவேற்புக் கமிட்டி என் தலையில. 'நீங்க கறாரா இருப்பீங்க மிஸ்'னு ஹெச்.எம். குடுத்தாங்க. மொத தடவ எனக்கே சிரிப்பு வந்துச்சு. யாரை விட்டு யாரைப் பாக்கச் சொல்றாங்கன்னு. அப்புறம் ஒரு பொண்ணு பவுடர் போட்டுட்டு வந்தா. தொடைச்சேன்டி. என் கர்ச்சீப்."

"முடியாதுன்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லலாமே. எனக்கு வேலை வருஷா வருஷம் மே மாசம் ஆர்டர் குடுத்தாத்தான். குடுக்கலன்னா ஜூன்ல வீட்டுல இருக்கணும். நீ அங்க உக்காந்துட்டு ஈஸியா சொல்லுவ."

அது சரிதான்.

"நாங்க ஒரு லெட்டர் எழுதுறோம்," என்றேன் பிறகு. "நீ கையெழுத்துப் போடுறியா?"

"போட்டா வேலை போயிடும்."

"போடலன்னா?"

"போடலன்னா பவள விழாவுக்கும் நானே போயி வரிசை பாக்கணும். ரெண்டும் தெரியும். யோசிக்க விடு."

5

முன்கை வரிசையை நிறுத்தக் கேட்டுப் பள்ளிக்கு மின்னஞ்சலில் அனுப்பிய கடிதத்தில் பதினொரு பேர் கையெழுத்திட்டோம். ஒருவர்கூடத் திருச்சியில் இல்லை. பெங்களூரு, சென்னை, துபாய், நான். பள்ளியிடமிருந்து எதுவும் தேவைப்படாதவர்களின் துணிச்சல் அது. நல்ல துணிச்சல், சேதாரம் கிடையாது.

பதில் பத்து நாளில் வந்தது. சுருக்கித் தருகிறேன்.

அ) மின்னஞ்சல் ஏற்கப்படாது. தாளில், மையால் கையெழுத்திட்டு, ஒவ்வொருவரும் தேர்ச்சி பெற்ற வருடத்தைக் குறிப்பிட்டு அனுப்பவும்.

ஆ) 'நிறவெறி' என்பது வெளிநாட்டு நிலவரம். 'நிறம் சார்ந்த மனவருத்தம்' என்று திருத்தவும்.

இ) குறிப்பிடப்பட்ட ஆசிரியைகள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் மனம் புண்படக் கூடாது.

ஈ) தற்போது பணியில் உள்ள ஆசிரியர் எவரும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாகப் புகார் தெரிவிக்கவில்லை. ஆகவே அப்படி ஒரு வழக்கம் இல்லை.

நான்காவதைப் பாருங்கள். என் கருவிகள் பொய் சொன்னாலும் இவ்வளவு நிதானமாகச் சொல்லாது. பணியில் உள்ள ஒருவர் வாய் திறந்தால் அவர் பணியில் இருக்க மாட்டார். பணியில் உள்ளவர் யாரும் வாய் திறக்கவில்லை. ஆகவே எல்லாம் சரி.

அந்த ஒருவர் கலை. அவளிடம் நான் மறுபடியும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

6

ஜனவரியில் விடுமுறைக்கு ஸ்ரீரங்கம் வந்தேன். ஏகாதசிக் கூட்டம் வடிந்திருந்த வாரம். பள்ளியில் "கலந்துரையாட" அழைத்திருந்தார்கள். பதினொரு பேரில் ஊரில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள். "ஏன்டி, அவா உன்னைத் தலையில தூக்கி வெச்சுண்டு கொண்டாடினா. இப்போ அவாளுக்கே கடுதாசியா?"

"அதனாலதாம்மா."

"பெருமாள் குடுத்த நிறம். அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"கலைக்கு யார் குடுத்தாம்மா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பொண்ணு நன்னாப் படிப்பாளே," என்றாள்.

ஒரு பெண்ணின் நிறத்தைப் பற்றிக் கேட்டால் படிப்பைப் பற்றிப் பதில் சொல்வது எங்கள் ஊரின் நாகரிகம். ஒன்றாம் நம்பர் பஸ் பாலத்தைத் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

பள்ளி வாசலில் ஆட்டோக்காரர்கள், புதிய பெயர்ப்பலகை. அலுவலகக் கட்டடத்தின் படியேறினேன். அங்கே வரிசையாக ஆறு பெண்கள் நின்றார்கள். சந்தனம், கல்கண்டு, பூத்தட்டு. கோடியில் இருந்தவள் பன்னீர்ச் சொம்பை என்மேல் ஆட்டினாள்.

நிறப் பாகுபாடு பற்றிப் புகார் கொடுத்தவளை வரவேற்க அவர்கள் வெள்ளைப் பெண்களாகப் பொறுக்கி நிறுத்தியிருந்தார்கள். கேலி இல்லை. கேலி என்றால் அதற்கு ஒரு புத்தி வேண்டுமே. விருந்தினர் வருகிறார், வரவேற்புக் குழு நிற்கும். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அறைக்குள் நுழைந்தபோது என் நெற்றியில் பன்னீர் வழிந்துகொண்டிருந்தது.

வெளியே, ஆறு பேருக்குப் பின்னால், சுவரோரம், கலை நின்றாள்.

தலைமையாசிரியை எழுந்து வந்தார். "வாம்மா ரஞ்சனி! நீ நம்ம ஸ்கூலோட முகம்மா. உனக்குப் போயி இப்படி ஒரு வருத்தமா?"

"மேடம், வெளிய நிக்கிற பிள்ளைங்களை எப்படி எடுத்தீங்க?"

"அதுங்களா வந்துச்சுங்க. ஆர்வம்." அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "கலைச்செல்வி மிஸ், உள்ள வாங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. நீங்களே சொல்லுங்க, நம்ம ஸ்கூல்ல யாராவது கையப் பாத்து எடுக்கிறோமா?"

கலை உள்ளே வந்தாள். ஆறு பெண்களும் தட்டுகளோடு வந்து நின்றார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. அதை முன்பே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"நேத்து மூணாவது பீரியட்," என்றாள் கலை. "நைன்த் பி. முப்பத்தெட்டுப் பேர வராந்தாவுல நிக்க வெச்சு, கைய நீட்டச் சொல்லி, நான்தான் மேடம் எடுத்தேன். நீங்க எடுக்கச் சொன்னீங்க. போன வருஷமும் எடுத்தேன். அதுக்கு முந்தின வருஷமும்."

சொம்பு வைத்திருந்த பெண் மெதுவாக, "நாங்க கேக்கல மிஸ்," என்றாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை எனக்குத் தோன்றாத வாக்கியம் அது.

"தெரியும்மா," என்றாள் கலை.

"மிஸ், இப்ப நாங்க நிக்கவா, கிளாசுக்குப் போகவா?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"நில்லுங்க," என்றார் தலைமையாசிரியை.

"போங்கம்மா," என்றாள் கலை.

ஆறு பேரும் ஒரு நிமிடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு தட்டுகளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். கலை மேசைமேல் அச்செடுத்துப் போட்டிருந்த எங்கள் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி, தலைமையாசிரியையின் பேனாவையே எடுத்து, பன்னிரண்டாவதாகக் கையெழுத்திட்டாள். கீழே 'இயற்பியல் ஆசிரியை' என்று எழுதினாள். தாளில், மையால், அவர்கள் கேட்டபடியே.

7

மறுவாரம் கலைக்கு மெமோ வந்தது. நிறுவனத்தின் பெயருக்கு மாணவிகள் முன்னிலையில் களங்கம் ஏற்படுத்தியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். நான் ஐந்தோவன் திரும்பியிருந்தேன். அன்று வேலையை ஒதுக்கிவைத்து, பதினான்கு அம்சங்கள் கொண்ட ஒரு பதிலைத் தயாரித்து அனுப்பினேன். ஒவ்வொரு அம்சத்துக்கும் ஆதாரம், சாட்சி, குறிப்பு. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல பட்டியல் போட்டதில்லை.

"நல்லா இருக்குடி," என்றாள் கலை. "ஆனா நான் ஒரு வரிதான் எழுதிக் குடுத்தேன். 'கேட்டீங்க, நடந்ததைச் சொன்னேன்.' அவ்வளவுதானே நடந்துச்சு?"

பவள விழா நடந்தது. படங்கள் குழுவுக்கு வந்தன. முன்கை வரிசை இந்த முறை இல்லை. புகார் பள்ளியை அந்த அளவுக்கு அசைத்திருந்தது. கறுத்த பெண் ஒருத்தி கையில் சொம்பைக் கொடுத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கல்யாண மண்டபங்களில் வாசலில் நின்று பன்னீரைப் பூவாகத் தூவுமே, அந்த மின்சார இயந்திரத்தை வாங்கி நிறுத்தியிருந்தார்கள். விருந்தினர் அதன் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படத்துக்கு சுதா 'சூப்பர் ஐடியா' என்று எழுதியிருந்தாள். நான் குழுவிலிருந்து விலகினேன். விலகியதைக் கவனித்து ஒருத்திகூடக் கேட்கவில்லை.

மே மாதம் கலைக்கு ஆர்டர் வரவில்லை. காரணம் எழுதவும் இல்லை. எழுதாமல் விடுவதற்குத்தான் வருஷா வருஷம் ஆர்டர். கடிதத்தில் அவளுக்கு மேலே கையெழுத்திட்ட எங்கள் பதினொரு பேர் வேலையும் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் கடைசியில் முசிறிப் பக்கம் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் பஸ். சேர்ந்த மூன்றாம் வாரமே அங்கே ஒரு விழா; புது டீச்சர் என்பதால் வரவேற்புக் குழுவை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை போனில் சொன்னாள்.

"பக்குனு இருந்துச்சுடி. இங்கயுமான்னு. பேசாம ரெஜிஸ்டர எடுத்தேன். ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் பேரப் படிச்சேன், வாங்கன்னேன். அடுத்த விழாவுக்கு ஏழுல இருந்து பன்னெண்டு."

"ஹெச்.எம். என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"மத்த டீச்சருங்க?"

"யாரும் ஒரு வார்த்தை கேக்கல ரஞ்சி. பஸ்ல போகும்போது அவ்வளவு தூரமும் பதில் யோசிச்சு வெச்சிருந்தேன். அத்தனையும் வீணாப்போச்சு."